பதிமூன்றாயிரம் கிலோமீட்டரும் ஒரு பூட்டும்

கக்கூஸுக்கு வாழைமரம் கட்டி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? குணசுந்தரி பார்த்தாள். திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, சாப்பாட்டுப் பையை வைத்த கையோடு நேரே அங்கேதான் போனாள். புதிதாகக் கட்டிய பெண்கள் கழிப்பறை வாசலில் இரண்டு பக்கமும் வாழைமரம், மேலே மாவிலைத் தோரணம், படியில் கோலம். கோலத்தின் நடுவில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் வேறு. கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். ரிப்பனுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு.

“அட கருமமே!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

வாழைமரத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு விக்டோரியா உட்கார்ந்திருந்தாள். கம்பெனியின் லேடி செக்யூரிட்டி. காக்கிச் சட்டை, தொப்பி, ஆண்பிள்ளைகள் போடுகிற மாதிரி கனத்த கருப்பு ஷூ. எளாவூரில் இரண்டு பேருக்கும் ஒரே தெரு. சிறுவயதில் ஒன்றாக நாற்று நடப் போனவர்கள், இப்போது ஒன்றாகக் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள்.

“இன்னாடி விக்டோரியா இது? கல்யாணமா, காதுகுத்தா?”

“கெஸ்ட்டு வராங்களாம். அவங்க வந்து ரிப்பன் வெட்டினாத்தான் தொறக்கணுமாம். துளசிராமன் சார் ஆர்டரு.”

“கெஸ்ட்டு இப்ப எங்க கீறாங்க?”

விக்டோரியா தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். “ஆகாசத்துல.”

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிற கம்பெனி அது. காருக்குள்ளே ஓடுகிற ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, டேப் சுற்றி, முனையில் சொருகிகள் மாட்டி அனுப்புவார்கள். வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்த ஒயர்களை வாங்குகிற அமெரிக்கக் கம்பெனி அவ்வப்போது ஆள் அனுப்பி எல்லாவற்றையும் பார்க்கும். போன தடவை வந்தவன் பெண்கள் கழிப்பறைக்குள் ஒரு எட்டு வைத்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினான். அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகுதான் மூச்சு விட்டிருப்பான். அதற்குப் பிறகு ஆர்டர் நின்றுவிடுமோ என்ற பயத்தில் எழும்பியதுதான் இந்தப் புதுக் கட்டடம்.

சரி, கட்டினார்கள், நல்ல காரியம். ஆனால் அந்தப் புத்திசாலிகள் பழையதைச் சனிக்கிழமையே ஜேசிபி விட்டு இடித்துத் தள்ளிவிட்டார்கள். கெஸ்ட்டின் கார் அந்த வழியாகத்தான் வருமாம், அது கண்ணில் படக்கூடாதாம். ஆகப் பழையது மண்ணோடு போயிற்று, புதியது பூட்டோடு நிற்கிறது. இத்தனை பெண்கள் எங்கே போவார்கள் என்று ஒருத்தன் யோசித்திருப்பானா? எப்படி யோசிப்பான்? அவனவனுக்கு மாடியில் ஏசி போட்ட கழிப்பறை இருக்கிறது. விரலை வைத்தால்தான் அதன் கதவு திறக்கும். லைனில் வேலை செய்கிறவள் விரலுக்கு அது திறக்காது.

மற்ற பெண்களுக்கு இது தொல்லை. குணசுந்தரிக்கு இது உயிர்ப் பிரச்சினை. போன மாதம்தான் ஒண்ணுக்குப் போகிற இடத்தில் நெருப்பு வைத்தது போல் எரிந்து, குளிர் ஜுரம் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தாள். அங்கிருந்த டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “தண்ணி நிறைய குடி. அடக்கவே அடக்காத. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கிட்னிய காப்பாத்த முடியாது, புரியுதா?” அவளுக்கு நன்றாகவே புரிந்தது. அன்றிலிருந்து வேலையில் சேர்ந்ததும் முதல் காரியமாக அங்கே போய்விட்டுத்தான் லைனில் நிற்பாள். இன்று அந்த இடத்தில் வாழைமரம்.

காலைக் கூட்டத்தில் துளசிராமன் பேச வந்தார். ஆட்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி அவர். நல்ல வெள்ளைச் சட்டை, நல்ல சென்ட், யாரையும் கடிந்து பேசாத நல்ல வாய். அந்த நல்ல வாய்தான் குணசுந்தரிக்கு எரிச்சல். திட்டுகிறவனிடம் திருப்பித் திட்டலாம், இந்த ஆள் சிரித்துக்கொண்டே கழுத்தை அறுப்பார்.

“ஒரு சின்ன டிலேம்மா. டெட்ராய்ட்ல பனி. கெஸ்ட் மேடத்தோட முதல் பிளைட் லேட்டாயி, நடுவுல மாற வேண்டிய பிளைட்ட விட்டுட்டாங்க. டெட்ராய்ட்டுக்கும் சென்னைக்கும் எவ்ளோ தூரம் தெரியுமா? பதிமூணாயிரத்து அறுநூறு கிலோமீட்டர்! நேர் கோடு போட்டாலே அவ்ளோ. ரெண்டு பிளைட்டு, ஆகாசத்துல மட்டும் பதினேழு பதினெட்டு மணி நேரம். நமக்காக அவ்ளோ தூரம் வராங்க. அவங்க கையால திறக்கற வரைக்கும் நாம கொஞ்சம் பொறுத்துக்க மாட்டோமா?”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குணசுந்தரி கையைத் தூக்கினாள். “அதுவரைக்கும் நாங்க எங்க சார் போறது?”

துளசிராமனின் காது சிவந்தது. இருநூறு பேர் முன்னால் ஒரு பொம்பளை இதைக் கேட்பாளா என்கிற மாதிரி பார்த்தார். “கொடவுன் பக்கம் ஜென்ட்ஸோடது இருக்கே. அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கம்மா. ஒரு நாள்தானே.”

ஆண்களுடையது இருப்பது எல்லாருக்கும் தெரியும். அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது என்பதும், வாசலில் எந்நேரமும் நாலு பேர் பீடி பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்பதும் தெரியும். அதற்குள் தன் பெண்டாட்டியை அனுப்புவாரா இந்த மனிதர்? கேட்டிருக்கலாம். அதற்குள் கூட்டம் முடிந்து மணி அடித்துவிட்டது.

லைனில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயரத்தில் ஒரு பெரிய டிவி தொங்கும். இன்றைக்கு எத்தனை கட்டு முடிக்க வேண்டும், எத்தனை முடிந்தது என்று அதில் ஓடிக்கொண்டே இருக்கும். அன்று அதை மாற்றிவிட்டார்கள். நீலக் கடலும் பச்சை நிலமுமாக உலக வரைபடம் ஒன்று தெரிந்தது. அதில் ஈ அளவுக்கு ஒரு மஞ்சள் விமானம். கெஸ்ட் வருகிற விமானமாம். துளசிராமன் தன் போனில் பார்த்துக்கொண்டிருந்ததை ஊருக்கே காட்ட ஆசைப்பட்டு டிவியில் போட்டுவிட்டார். அந்த மஞ்சள் ஈ ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊர்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

“அது கெளம்பவே இல்லியே யக்கா,” என்றாள் பக்கத்தில் நின்ற மோனிகா. போன தையில் கல்யாணமாகி ஊத்துக்கோட்டையிலிருந்து வந்த பெண், வாயைத் திறந்தால் மூடமாட்டாள். “அது எப்ப கெளம்பி, எப்ப எறங்கி, நாம எப்ப போறது?”

“பேசாம டேப்ப சுத்துடி. பேசினா இன்னும் முட்டுது.”

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மோனிகாவுக்குத் தாங்கவில்லை. இரண்டு பேரும் பின்பக்கம் போனார்கள். காம்பவுண்டுச் சுவரில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு உடைசல். அதற்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேலம் புதர், புதருக்குப் பக்கத்தில் எந்தக் கம்பெனி விட்டதோ, கத்தரிப்பூ நிறத்தில் தேங்கி நிற்கிற தண்ணீர். அதன் நாற்றம் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். காலடியில் உடைந்த பிராந்தி பாட்டில், எவனோ இருந்துவிட்டுப் போனது, அதன்மேல் பச்சை ஈ. குணசுந்தரி புடவையைத் தூக்கிப் பிடித்து அடியெடுத்து வைத்தாள். மோனிகா உட்கார, குணசுந்தரி அவளுடைய துப்பட்டாவை வாங்கி விரித்து மறைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் பார்த்தாள். சாலையோரம் வரிசையாக நின்ற லாரிகளில் ஒன்றின் கூரைமேல் ஒருத்தன் கால் நீட்டிப் படுத்திருந்தான். கையில் போன். போன் இவர்கள் பக்கம் திரும்பியிருந்தது.

“எந்திரிடி! எந்திரி மோனிகா!”

எழுந்த வேகத்தில் மோனிகாவின் துணி நனைந்துபோயிற்று. குணசுந்தரி குனிந்து கையில் அகப்பட்ட கல்லை எடுத்து வீசினாள். அது லாரி வரைக்கும் போகவில்லை. அந்த நாய் எழுந்து உட்கார்ந்து பல்லைக் காட்டிச் சிரித்தான். காறி உமிழ்ந்தாள், ஒரு தடவை இல்லை, சுவர் உடைசலைத் தாண்டி உள்ளே வருகிற வரைக்கும் உமிழ்ந்துகொண்டே வந்தாள். அவன்மேல் அருவருப்பு, புதர்மேல் அருவருப்பு, அங்கே போய் நின்ற தன்மேலும் அருவருப்பு. அவள் ஒண்ணுக்குப் போகவே இல்லை. வந்தது அப்படியே உள்ளே நின்றுவிட்டது.

துளசிராமனிடம் நேரே போய்ச் சொன்னாள். அழுதுகொண்டே பின்னால் நின்ற மோனிகாவை அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“அய்யய்யோ, அந்தப் பக்கம் ஏம்மா போறீங்க? கெஸ்ட் வர்ற நேரத்துல ஒரு பிரச்சன வேணாம். நான் அந்த ஓட்டைய அடைக்கச் சொல்றேன்.”

“ஓட்டய அடச்சா? நாங்க எதுல போறது சார்? பூட்ட தொறங்க, அஞ்சு நிமிசம். நாங்களே கழுவி உட்டுர்றோம்.”

“புது டைல்ஸ்மா. ஒரு தடவ யூஸ் பண்ணா அந்த வாடை போகாது. அவங்களுக்கு அதெல்லாம் உடனே தெரியும். இவ்ளோ தூரம் வந்து மூஞ்சி சுளிச்சாங்கன்னா? ஆர்டரே போயிடும். அப்புறம் உங்களுக்கேதானே கஷ்டம்?” என்று சொல்லிவிட்டு, என்னவோ குழந்தைக்கு மிட்டாய் காட்டுகிற மாதிரி போனைத் திருப்பிக் காட்டினார். “பாருங்க, ராத்திரி கிளம்பிடும். நாளைக்கு மதியம் லேண்டிங்.”

மாலைக்குள் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். அந்த வேலையில் மட்டும் என்ன சுறுசுறுப்பு!

வீட்டுக்குப் போய்த்தான் போனாள். சொட்டுச் சொட்டாக வந்தது, எரிந்தது. கழிப்பறைச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். புருஷன் சின்னராசு வெளியில் நின்று, “இன்னாமே ஆச்சி, நாளைக்கு லீவு போடேன்,” என்றான். எப்படிப் போடுவது? ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. இன்னொரு நாள் வராவிட்டால் வரவே வேண்டாம் என்று ஏற்கனவே சொல்லிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை நாஷ்டா இல்லை, டீ இல்லை, ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. குடித்தால்தானே வரும் என்று நினைத்தாள். டாக்டரம்மா சொன்னதற்கு நேர் எதிராகச் செய்கிறோம் என்று தெரிந்தே செய்தாள். வேறு வழி சொல்ல எவன் இருந்தான்? பத்து மணிக்கெல்லாம் உதடு காய்ந்து, முதுகில் இரண்டு பக்கமும் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி வலி. தண்ணீர் குடிக்காவிட்டாலும் முட்டிக்கொண்டுதான் இருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

டிவியில் மஞ்சள் விமானம் பறந்துகொண்டிருந்தது. வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கையைப் பார்ப்பதும் டிவியைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். அது நகர்வதே தெரியவில்லை. ஒரு கட்டு முடித்து நிமிர்ந்தால் ஒரு நூல் நகர்ந்திருக்கும்.

“யக்கா, கடலுக்கு மேல வந்துட்சு!” என்றாள் மோனிகா. “பம்பாய் கிட்ட கீது!”

பெண்கள் மத்தியில் ஒரு சலசலப்பு. கிரிக்கெட் பார்க்கிறவர்கள் மாதிரி எல்லார் முகமும் மேலே. அட கண்றாவியே! குணசுந்தரி மட்டும் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எவளோ ஒருத்தி எங்கோ சீட்டில் சாய்ந்துகொண்டு வருகிறாள். அவளுக்கு வேண்டுமென்றால் எழுந்து நாலு அடி நடந்தால் போதும், மேகத்துக்கு மேலேயே கழிப்பறை இருக்கிறது. இங்கே மண்மேல், கூப்பிடு தூரத்தில் கட்டி வைத்த கழிப்பறைக்குப் போக நாங்கள் அவளுடைய விமானம் நகர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். இது எந்த ஊர் நியாயம்?

கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு விக்டோரியாவிடம் போனாள்.

“சாவி உன் இடுப்புலதானே கீது? குடுடி.”

“குணா, வாணாம்.”

“எனக்கு ஜுரம் வந்துட்சு. தொட்டுப் பாரு. கிட்னி பூடும்னு டாக்டரு சொன்னது உனக்குத் தெரியாதா? நீதானே அன்னைக்கு என்ன ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போன?”

விக்டோரியா தொட்டுப் பார்க்கவில்லை. தொப்பியின் நுனியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். “கேமரா கீது. தொறந்தேன்னா எனக்கு வேல பூடும். எம் பொண்ணு ஷைனிக்கி இது கடைசி வருசம். கொஞ்ச நேரம்டி. இப்ப எறங்கிடுமாம், நேரா கார்ல வந்துடுவாங்களாம்.”

“நீயும் அவங்க ஜாதியாப் பூட்ட இல்ல? தூ!”

சொன்ன பிறகு நெஞ்சு உறுத்தியது. ஆனால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள்.

கார் வந்து சேர மத்தியானம் மூன்றரை மணி ஆயிற்று. பதிமூன்றாயிரம் கிலோமீட்டரை ஒரு வழியாகக் கடந்து வந்த அம்மாளை, மீனம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்குள் நம் டிராஃபிக் பிழிந்து எடுத்துவிட்டது. மாதவரத்தில் ஒரு மணி நேரம், செங்குன்றத்தில் ஒரு மணி நேரம், அப்புறம் கல்கத்தா ரோட்டில் கவிழ்ந்து கிடந்த லாரி. துளசிராமன் மாலையும் கையுமாக வாசலில் நின்றார். கார்க் கதவு திறந்தது. ஐம்பது வயது இருக்கும், கனத்த உடம்பு, முகமெல்லாம் சிவந்து, கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மாலையைப் பார்க்கவில்லை, மனிதர்களைப் பார்க்கவில்லை. துளசிராமனின் காதருகே அவசரமாக என்னவோ கேட்டாள்.

அவ்வளவுதான். மாலையைப் பக்கத்தில் இருந்தவன் கையில் திணித்துவிட்டு, “திஸ் வே மேம், திஸ் வே மேம்,” என்று துளசிராமன் ஓட, பின்னால் அவள் ஓட, விக்டோரியா எழுந்து சாவியைப் பூட்டில் நுழைக்க, பூட்டு திறந்ததுதான் தாமதம், அந்த அம்மாள் ரிப்பனை வயிற்றால் அறுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எலுமிச்சம்பழம் அவள் செருப்பில் நசுங்கியது.

லைனில் இருந்த பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். அந்த முகத்தில் இருந்த அவஸ்தையை அவர்களைவிட வேறு யார் அறிவார்கள்? பரவாயில்லை, திறந்தாயிற்று, அவள் வெளியே வந்ததும் போய்விடலாம் என்று குணசுந்தரி தூணைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். காலோடு கால் பின்னியிருந்தது.

கெஸ்ட் வெளியே வந்தாள். ஆகா, அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! சாமி கும்பிட்டுவிட்டு வருகிறவள் மாதிரி சாந்தம். “லவ்லி! வெரி கிளீன்!” என்றாள். துளசிராமனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குளிர்ந்தவர் என்ன செய்தார் தெரியுமா? அறுந்த ரிப்பனை முடிச்சுப் போட்டுக் கட்டச் சொன்னார். போட்டோ எடுக்க வேண்டுமாம். கதவைச் சாத்தி, பூட்டைத் தொங்கவிட்டு, நசுங்கிய எலுமிச்சம்பழத்தைத் தூக்கி எறிந்து வேறு ஒன்றை வைத்தார்கள். கத்திரிக்கோல் வைத்த தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு தொழிலாளி வேண்டும். தூண் பக்கம் நின்ற குணசுந்தரியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்கள். புடவை கட்டியிருந்தாள், போட்டோவுக்கு நன்றாக இருக்குமாம்.

தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரிப்பன் வெட்டினார்கள், கை தட்டினார்கள். கெஸ்ட் அவளைப் பார்த்துச் சிரித்தாள். குணசுந்தரி பத்தாவது வரை படித்தவள். தனக்குத் தெரிந்த இங்கிலீஷை எல்லாம் ஒன்றுதிரட்டி வாயைத் திறந்தாள்.

“மேடம். பிளேன்ல… பாத்ரூம், லாக்?”

கெஸ்ட்டுக்குப் புரிந்தது. கலகலவென்று சிரித்து, “நோ, நோ! நாட் லாக்டு!” என்றாள்.

“ஹியர் லாக்,” என்றாள் குணசுந்தரி. “டூ டேஸ். லேடீஸ்… லாக்.”

சிரிப்பு பாதியில் நின்றது. கெஸ்ட் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு துளசிராமனைப் பார்த்தாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, குணசுந்தரி நம்பினாள்.

துளசிராமன் குழைந்து சிரித்தார். இங்கேயும் லாக் இருக்கிறது, பெண்களுக்கு ரொம்பப் பாதுகாப்பு, அதைத்தான் இந்தப் பெண் சந்தோஷமாகச் சொல்கிறாள் என்று சரளமாக இங்கிலீஷில் எடுத்துவிட்டார். சேஃப்டி என்ற வார்த்தை மட்டும் மூன்று தடவை குணசுந்தரியின் காதில் விழுந்தது.

“ஓ, சேஃப்டி! வெரி குட்!” கெஸ்ட் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அந்தக் கையில் உள்ளே வைத்திருந்த புதுச் சோப்பின் வாசனை அடித்தது, ரோஜாப்பூ வாசனை. தாம்பாளத்தை அப்படியே துளசிராமனின் வெள்ளைச் சட்டைமேல் கவிழ்த்தால் என்ன என்று குணசுந்தரி நினைத்தாள். அதற்குள் கெஸ்ட்டை மீட்டிங்குக்கு மாடிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பெண்கள் திமுதிமுவென்று கதவை நோக்கி வந்தார்கள். மாடிப்படியில் பாதி ஏறிய துளசிராமன் தடதடவென்று இறங்கி வந்து, அவர்களுக்கு முன்னால் கொண்டியில் பூட்டை மாட்டி அழுத்தினார். பூட்டிலேயே தொங்கிய சாவியை உருவி, விக்டோரியாவிடம் கொடுக்காமல் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“வெள்ளிக்கிழம வரைக்கும்மா! ஜப்பான்லேர்ந்து ஒரு டீம் வருது. இது பக்கம்தான், ஆறாயிரம் சொச்சம் கிலோமீட்டர். ஒரே பிளைட்டு. லேட்டே ஆகாது.”

அவர் படியேறிப் போனார். மேலே டிவியில் வேறு வரைபடம் வந்தது. இந்தத் தடவை கிழக்குப் பக்கம்.

குணசுந்தரி தன் இடத்துக்குப் போனாள். அவள் வேலை ஒயர்க் கட்டின் முனையில் ஃபியூஸ் பெட்டி ஒன்றை வைத்துத் திருகுவது. அதற்கென்று கம்பெனி கொடுத்த ஸ்க்ரூ டிரைவர் போர்டில் தொங்கும். அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். ஜுரத்தில் தரை ஆடியது. பூட்டு பெரிய பூட்டுதான், யானை இழுத்தாலும் வராது. ஆனால் பூட்டை மாட்டிய கொண்டியை எந்தப் புண்ணியவான் பொருத்தினானோ, திருகுத் தலையெல்லாம் வெளியே தெரிய, நாலே நாலு திருகு.

முதல் திருகு கழன்று கீழே விழுந்தது.

“யக்கா, கேமரா,” என்று முணுமுணுத்தாள் மோனிகா.

“பாக்கட்டும். நல்லா பாக்கட்டும். லாரிக்காரன் பாத்தப்ப எவனுக்கும் வலிக்கல இல்ல?”

இரண்டாவது கழன்றது. மூன்றாவதும் வந்தது. நாலாவது பிடிவாதம் பிடித்தது. கையில் பலமில்லை, ஸ்க்ரூ டிரைவர் நழுவி நழுவி விழுந்தது. பின்னாலிருந்து ஒரு காக்கிச் சட்டைக் கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. விக்டோரியா. சுற்றி நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

விக்டோரியா ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கினாள். குணசுந்தரியை இடுப்பால் இடித்து ஓரம் தள்ளினாள். திருகுத் தலையில் முனையை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஒரு திருப்புத் திருப்பினாள். கொண்டியும் பூட்டும் ஒன்றாகப் பெயர்ந்து கோலத்தில் விழுந்தன.

“நட,” என்றாள்.

உள்ளே பளிங்கு மாதிரி இருந்தது. வெள்ளை டைல்ஸ், ரோஜா வாசனை, வரிசையாகச் சின்னச் சின்னக் கதவுகள். குணசுந்தரி முதல் கதவைத் திறந்துகொண்டு போனாள். வரும்போது கண்ணில் நீர் வருகிற அளவுக்கு எரிந்தது. ஆனாலும் வந்தது. வந்துகொண்டே இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, “அய்யோ, அய்யோ,” என்று அழுதாள்.

பக்கத்துக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. தடுப்புக்கு அடியில் இருந்த இடைவெளியில் கனத்த கருப்பு ஷூ இரண்டு தெரிந்தன.

“குணா.”

“இன்னா?”

“ரெண்டு நாளா நானும்தான்டி போவல. அந்தச் சனியன் புடிச்ச பூட்டுக்குக் காவல் இருந்துகினு.”

“வாய மூடிக்கினு போடி,” என்றாள் குணசுந்தரி. அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. “இங்கேர்ந்து நேரா ஆஸ்பத்திரிக்கிப் போணும். நீயும் வர.”

“வேலயே பூட்சு, வராம இன்னா.”

வெளியே பெண்களின் சத்தம், செருப்புச் சத்தம், ஒவ்வொரு கதவாகத் திறக்கிற சத்தம். அதையெல்லாம் பிளந்துகொண்டு ஆண் குரல் ஒன்று கிட்டே வந்தது. வாசலில் நின்று வெளிக்கதவைத் தட்டு தட்டென்று தட்டியது.

“யாரு? யாரும்மா உள்ள?”

குணசுந்தரி அவசரப்படவில்லை. கடைசிச் சொட்டுவரை இருந்தாள். தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். பிறகு வெளியே கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

“கெஸ்ட்டு!”